நிதானம் யார் சொல்லி ஏறினார்

சிமெண்டு ஆலைக்கென்று பிரிந்து போகிற தண்டவாளத்தில், சைடிங்கில், அவளைச் சைரன் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான்களில், கூட்ஸ் வண்டி ஓட்டுகிற நானும் ஒருவன். நாற்பது வேகன் கூட்ஸ் வண்டியின் முன்னால் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், கடைசி வேகன் அருகே பீடி பற்றவைக்கிற ஆள் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு பெரிய குரல் அந்த ஒல்லி உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "மில்லுல வாங்கினதுண்ணே, திருப்பிக் கேக்கல, வச்சுக்கிட்டேன்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருஷம் நூல் மில்லில் இருந்திருக்கிறாள். நூல் சுற்றுகிற கதிர்கள் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்தவேண்டும். மில்லை மூடினார்கள். அடுத்த வருஷம் கல்யாணம். புருஷனுக்கு இங்கே ஒப்பந்த வேலை, இவளுக்கும் அதுவே ஆனது. ஆலைக்குப் பின்னால், சுண்ணாம்புக்கல் குவியலை ஒட்டிய வரிசை வீடுகளில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் சோற்றுப் பானைமேல் வந்து உட்காரும். ஈரத்துணி போட்டு மூடிவைப்பாள். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

புருஷனுக்கு அங்கே இருந்த பெயர் நிதானம். அது கேலியாக ஆரம்பித்த பெயர். காலி வேகன்கள் வந்து நின்றதும் மேலே ஏறி, ஒவ்வொரு வேகனின் கூரையிலும் இருக்கிற மூடிகளை இரும்புக் கம்பியால் நெம்பித் திறக்கவேண்டும். அப்போதுதான் வண்டி ஆலைக்குள் போனதும் மேலேயிருந்து குழாய் வழியாகச் சிமெண்டைக் கொட்டமுடியும். மற்றவர்கள் குரங்கு மாதிரி ஏறுவார்கள். இவர் ஏணிப் படியை ஒருமுறை உதைத்துப் பார்ப்பார், கையைத் துடைப்பார், ஏறுவதற்கு முன் கீழே நிற்கிற பொண்டாட்டி முகத்தைப் பார்ப்பார். அவள் "ஏறுங்க!" என்றால்தான் முதல் படியில் கால் வைப்பார்.

இது ஆலைச் சட்டம் எதிலும் இல்லை. அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு. முதல் மாதத்திலேயே ஒரு வண்டி சொல்லாமல் நகர்ந்து, மேலே இருந்த அவர் குப்புற விழுந்து, முன்பல் இரண்டு போயிற்று. தூசிக்காகத் தலையையும் காதையும் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, மங்கிய கண்ணாடியும் போட்டிருப்பவருக்கு எது கேட்கும், எது தெரியும்? அன்றைக்கு இவள் சொல்லிவிட்டாள்: "இனிமே கண்ணும் காதும் நான். நான் சொல்லாம ஒரு படி ஏறக்கூடாது." இருபது வருஷம் அவர் அதை மீறவில்லை. பொண்டாட்டி உத்தரவில்லாமல் மூச்சு விடுவாரா என்று மற்றவர்கள் சீண்டுவார்கள். "விடமாட்டேன். அதனாலதான் மிச்சப் பல்லு மிச்சமா இருக்கு" என்று பொக்கைச் சிரிப்பு சிரிப்பார். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.

இனி என் இஞ்சினைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன், முடியாது.

முன்பெல்லாம் கரண்ட் இஞ்சின் கூட்ஸ் வண்டியை யார்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் கழன்றுகொள்ளும். அதற்கப்புறம் தலைக்கு மேலே கரண்ட் கம்பி கிடையாது என்பதால் ஒரு கிழட்டு டீசல் இஞ்சின் இருமிக்கொண்டே வந்து, வண்டியை மாட்டி, ஆலைக்கு இழுத்துப் போகும். இந்த மாற்றலுக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். மூன்று வருஷத்துக்கு முன் புது இஞ்சின் வந்தது. கம்பி இருக்கிற இடத்தில் கூரையிலிருந்து ஒரு இரும்புக் கையை நிமிர்த்திக் கம்பியைத் தொட்டுக் கரண்டில் ஓடும். கம்பி முடிகிற இடத்தில் கையை மடக்கிவிட்டு, வயிற்றுக்குள் இருக்கிற டீசலைக் கிளப்பிக்கொண்டு ஓடும். நாங்கள் அதற்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைத்தோம். உண்மையில் அருமையான இயந்திரம். கரண்டில் ஓடும்போது பக்கத்தில் வந்து நிற்கிறவரை தெரியாது, அவ்வளவு அமைதி. கேபினில் இரண்டு பேர் தேவையில்லை என்று உதவி டிரைவரையும் எடுத்துவிட்டார்கள். நான் ஒருவன்தான்.

புது இஞ்சின் வந்த கையோடு, டீசலை மிச்சம் பிடிக்க, ஆலை வாசல் வரை கம்பியை நீட்டினார்கள். வண்டி உள்ளே போவதற்கு முன் காத்து நிற்கிற பாதை இருக்கிறதே, காலம் காலமாக நிதானமும் மற்றவர்களும் மூடி திறந்த இடம், அதற்கு மேலேயும் கம்பி வந்துவிட்டது. இருபத்தையாயிரம் வோல்ட். தொடவேண்டியதுகூட இல்லை, கிட்டே போனாலே போதும். அதனால் இனிமேல் வாசலுக்கு உள்ளே, கம்பி இல்லாத இடத்தில் மட்டும்தான் ஏறவேண்டும் என்று பலகை வைத்தார்கள். உள்ளே ஒரே நேரத்தில் எட்டு வேகன்தான் நிற்கும். வேலை இரட்டிப்பு நேரம் இழுத்தது. சூப்பர்வைசர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

பராமரிப்புக்காக வாரத்தில் ஒன்றிரண்டு நாள் கம்பியில் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு ரெண்டுங்கெட்டான் அந்தப் பாதையில் டீசலில் வரும். "இன்னிக்கி கரண்ட் இல்ல, வெளியிலயே தெறந்துடுங்க, சீக்கிரம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டு, பலகையைப் பார்க்காத மாதிரி போய்விடுவார். கொஞ்ச நாளில் அவர் சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. வண்டி சத்தமில்லாமல் வந்தால் கம்பியில் கரண்ட் இருக்கிறது, ஏறக்கூடாது. டீசல் உறுமிக்கொண்டு வந்தால் கரண்ட் இல்லை, ஏறலாம். சைரன் இதைக் காதாலேயே பிடித்துக்கொண்டாள். வண்டி வளைவு திரும்பும்போதே சொல்லிவிடுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தப்புவதற்கு அதில் என்ன இருக்கிறது? தலைக்கு மேலே கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மடையன் டீசலை எரிப்பான்?

அந்த மடையன் நான்.

அப்படி எரித்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஆலை வாசலில் கையை மடக்கிவிட்டு டீசலைக் கிளப்பினால், கிளம்பவில்லை. வண்டியின் தலை உள்ளே, மற்றதெல்லாம் வெளியே, மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டேன். மேலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இன்னொரு தரம் மாட்டக்கூடாது என்று, அன்றைக்குக் காலையில் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, சிக்னலில் நின்றபோது, கையை மடக்கி டீசலைக் கிளப்பிவிட்டேன். கிளம்பாவிட்டால் திரும்பக் கரண்டுக்கே போய்க்கொள்ளலாம் என்பது என் கெட்டிக்காரத்தனம். ஒரே தட்டலில் கிளம்பியது. நிற்கிற இடத்தில் மாற்றுவது டிரைவர் வசதி என்றுதான் விதியும் சொல்கிறது. டீசலிலேயே ஊர்ந்துவந்து, காத்து நிற்கிற பாதையில் வண்டியை நிறுத்தினேன்.

காலை ஒன்பதரை மணி. சைரன் முதல் வேகனுக்கும் என் கேபினுக்கும் நடுவில் நின்றாள். என் ஜன்னல் திறந்திருந்தது. நான் திரையில் ஆயில் அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதே என்று எனக்குள்ளே ஒரு பெருமை. அப்போது அவள் கத்தினாள்.

"ஏறுங்க!"

எனக்குக் கேட்டது. கம்பியில் கரண்ட் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஹாரன் பொத்தானுக்கும் என் கைக்கும் ஒரு சாண் தூரம். ஆனால் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. தினம் கேட்கிற குரல், தினம் சொல்கிற சொல். நான் ஆயில் அழுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேலே போய், நிமிர்ந்து, மூடி நெம்புகிற இரும்புக் கம்பியை ஓங்கியிருக்கிறார். அவ்வளவுதான். என்ன பார்த்தேன் என்று எழுதப்போவதில்லை. அவள் இரண்டாவது முறை கத்தியதை மட்டும் சொல்கிறேன். அந்தச் சத்தத்துக்கு நாற்பது வேகன் பக்கமும் ஆட்கள் ஏணியிலிருந்து குதித்தார்கள்.

எடுத்து அடக்கம் பண்ணியாயிற்று. மகள் வந்தாள். பத்தாம் நாள் விடுதிக்குத் திரும்பினாள், தேர்வு இருந்தது. ஆலையில் அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நிதானம் அன்றைக்கு அவசரப்பட்டுவிட்டார், யாரும் சொல்லாமல் தானாகவே ஏறிவிட்டார் என்று. யார் கிளப்பினார்கள் என்று கேட்கவேண்டியதே இல்லை. கரண்ட் இல்லாத நாளில் வெளியிலேயே ஏறச் சொன்னது வெளியே வந்தால் சூப்பர்வைசர் கதி அதோகதி. ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை அவர்களுக்கே புரியவைத்தார்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் கதவுப் பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணே, நான் ஏறச் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுல்ல?"

"விழுந்துச்சும்மா."

"அத மட்டும் நாளைக்குச் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"சொன்னா உன்மேலதானே பழி வரும்? புருஷன நீயே அனுப்பி வச்சேன்னு எழுதுவாங்களே."

"எழுதட்டும். அதுதானே நெசம்? நான் சொன்னேன், அவரு ஏறுனாரு. நேத்து பொண்ணு போன்ல கேக்குறா, அப்பா ஏம்மா யாரையும் கேக்காம ஏறுனாருன்னு. அவகிட்ட நான் என்ன சொன்னாலும், அம்மா அப்பாவக் காப்பாத்தப் பேசுறான்னு நினைக்கிறா. காயிதத்துல இருந்தா நம்புவா." குரல் கம்மியிருந்தது. அந்தக் குரல் கம்மி நான் கேட்டதில்லை. "இருபது வருசம் என்னக் கேக்காம ஒரு படி ஏறாத மனுசன்ணே. கவனமில்லாம செத்தாருன்னு எழுதக்கூடாது. என்மேல தப்புன்னு எழுதுங்க, அவருமேல எழுதாதீங்க."

"சொல்றேன்மா. நிச்சயமாச் சொல்றேன்."

அவள் போனதும் என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அவ ஏறச் சொன்னது கேட்டுச்சுன்னு சொன்னா, கேட்டும் ஏன் ஹாரன் அடிக்கலன்னு கேப்பாங்கல்ல?" என்றாள். "கம்பிக்குக் கீழ ஏன் டீசல் போட்டேன்னும் கேப்பாங்க. இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கு உங்களுக்கு." அவள் கெட்டவள் இல்லை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

விசாரணை ஆலையின் எடைமேடை அறையில் நடந்தது. ஒரு மேஜை, நாலு நாற்காலி, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. விசாரணை அதிகாரி கண்ணியமான மனிதர், அவளை "வாங்கம்மா, உட்காருங்கம்மா" என்றுதான் பேசினார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டீசல் சத்தம் கேட்டது, கரண்ட் இல்லை என்று நினைத்தேன், நான்தான் ஏறச் சொன்னேன். எழுத்தர் எழுதாமல் அதிகாரியைப் பார்த்தார்.

"ஏறச் சொல்ற அதிகாரம் உங்களுக்கு யார் குடுத்ததும்மா?" என்றார் அதிகாரி.

"யாரும் குடுக்கலீங்க."

"அப்ப நீங்க சொன்னது அனுமதி ஆகாது. புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டது. அனுமதி இல்லாம ஏறினாருன்னுதான் எழுத முடியும்."

"ஏனுங்க, அதிகாரம் இருந்தாத்தான் ஆளு சாவானா?" என்றாள் அவள். "நான் சொல்லித்தான் ஏறுனாரு. அப்படியே எழுதுங்களேன். என்னைய வேலைய விட்டுத் தூக்குங்க, போலீஸ்ல குடுங்க. நான் சொன்னேன்னு எழுதுங்க."

அதிகாரிக்கு மனசு இளகித்தான் இருந்தது. "சரி, வேற யாராவது கேட்டிருந்தாச் சொல்லட்டும். டிரைவர், நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. இவங்க சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

சாட்சி சொல்ல வந்தவர்களில் நிரந்தர வேலைக்காரன் நான் ஒருவன்தான். நான் சொல்வது காகிதத்தில் ஏறும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தாள். அண்ணன்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாரே, பிறகென்ன என்கிற பார்வை.

"இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். எழுத்தர் எழுத ஆரம்பித்தார். அவள் அழவில்லை, என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் செத்துப்போன மாதிரியும் இருந்திருக்கும், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்திருக்கும். வாசித்துக் காட்டினார்கள்: 'மேற்படி தொழிலாளி கவனக்குறைவாக, எவருடைய அனுமதியும் இன்றித் தன்னிச்சையாக ஏறியதே விபத்துக்குக் காரணம்.' அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். மறுத்தார் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து பின்னாலேயே போனேன். "தங்கச்சி, என் நிலைமை..." என்று இழுத்தேன்.

"தெரியும்ணே. உங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றாள். திரும்பாமலே நடந்தாள். "ஆனா நேத்தே முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் பொண்ணுக்குப் போன் பண்ணி, நாளைக்குப் பாரு, டிரைவர் அண்ணன் சொல்லுவாருன்னு சொல்லிட்டேன்."

இரண்டு மாதம் கழித்து ஆலைக்காரர்கள் புதிய விதி கொண்டுவந்தார்கள். ஏறுவதற்கு முன், கம்பி பற்றிய தகவலைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டு, ஒரு ஆள் அனுமதி சொல்லவேண்டும். அந்த ஆளுக்குப் பச்சை மேல்சட்டை, ஒரு விசில், ஒரு பதிவேடு. இறந்தவரின் மனைவி என்று இரக்கப்பட்டு அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். வேறு வழியில்லை, மகள் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. எடுத்துக்கொண்டாள். இப்போது ஏறச் சொல்ல அவளுக்கு அதிகாரம் உண்டு. புதிதாக வருகிற ஆட்களுக்கு, வேலை தொடங்குமுன் விபத்து அறிக்கையை வாசித்துக் காட்டுவதும் அந்த வேலையில் சேர்த்தி. கேட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டும், டிரைவரும்தான்.

முதல் தடவை அவள் வாசித்தபோது நான் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, ஆட்களுக்குப் பின்னால் நின்றேன். எட்டுப் பேர் புதிது. சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அவள் ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். 'கவனக்குறைவாக' வந்தபோதும் நிறுத்தவில்லை. அந்தக் குரலில் வாசித்தால் யாருக்கும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

முடித்ததும் ஒரு ஆள் கேட்டான். "யாருக்கா அந்த ஆளு? தலைக்கு மேல கரண்ட் ஓடுது, கேக்காம கொள்ளாம ஏறியிருக்கானே, புத்தி கெட்டவன்."

"என் வீட்டுக்காரரு" என்றாள். "கேக்காம ஏறல. என்னக் கேட்டுத்தான் ஏறுனாரு. நான்தான் ஏறச் சொன்னேன். டீசல் சத்தம் கேட்டுச்சு, சொன்னேன்."

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். சூப்பர்வைசர் முன்னால் வந்து, இரக்கமான குரலில், தாழ்த்திச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கப்பா. அவர் போன அதிர்ச்சி, பாவம். அந்தம்மா அப்படித்தான் பேசும். அப்படி ஒண்ணும் நடக்கல." பிறகு எட்டுப் பேரின் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். "இந்தா, பக்கத்துலயே இருந்த டிரைவர் சாரே இருக்காரு. என்ன சார், அப்படித்தானே?"

எல்லோரும் திரும்பினார்கள். அவளும் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.